ஒரே கணக்கு, பல வண்ணங்கள்: பிராக்டல் ஓவியங்களுக்கு நிறம் வந்த வரலாறு



கடற்குதிரையின் வால்போல் சுருண்டு செல்லும் வடிவங்கள், அவற்றைப் பெரிதாக்கினால் உள்ளே மீண்டும் அதே சுருள்கள், நீலத்திலிருந்து பொன்னிறத்திற்கும் பொன்னிறத்திலிருந்து செம்மைக்கும் மெல்ல மாறும் வண்ணங்கள். இத்தகைய படங்களை நூல் அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் கணினித் திரைகளிலும் நாம் கண்டிருக்கிறோம். இவற்றைப் பிராக்டல் ஓவியங்கள் என்பர். தமிழில் ‘பகுவல்’ என்று எழுதுவோரும் உளர். உடைந்தது என்னும் பொருள்தரும் ‘பிராக்டஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து, 1975-ஆம் ஆண்டில் பெனுவா மாண்டல்பிராட் என்னும் கணித அறிஞர் ஆக்கிய சொல் அது.

இப்படங்களைக் காட்டும்போதெல்லாம் மாணவர்கள் கேட்பது ஒன்றுதான்: “ஆசிரியரே, இதைக் கணினியே வரைந்ததா?” எளிதில் ‘ஆம்’ என்று கூறிவிடலாம். ஆனால், அவ்விடை சரியன்று. இப்படங்களுக்கு அடிப்படையான கணக்கில் நிறம் என்பதே இல்லை. எந்த எண்ணும் நீலமாகவோ சிவப்பாகவோ இருப்பதில்லை. அப்படியானால் இவ்வண்ணங்கள் எங்கிருந்து வந்தன? யார் கொடுத்தது? எதற்காகக் கொடுத்தனர்? இவற்றின் வரலாற்றை அறிந்துகொண்டால், கணிதத்தையும் ஓவியத்தையும் பற்றி நம் பிள்ளைகளிடம் கூற வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று கிடைக்கின்றது.

அடிப்படைக் கணக்கு

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். அச்சம் வேண்டா. பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும்.

ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். சுழியத்திலிருந்து தொடங்குங்கள். கையில் உள்ள எண்ணை அதே எண்ணால் பெருக்கி, தேர்ந்தெடுத்த எண்ணைக் கூட்டுங்கள். வந்த விடையை மீண்டும் அதே விடையால் பெருக்கி, மீண்டும் அதே எண்ணைக் கூட்டுங்கள். இவ்வாறே தொடர்ந்து செய்யுங்கள். அவ்வளவுதான் கணக்கு.

1 என்னும் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் விடைகள் 1, 2, 5, 26 என்று பெருகி எல்லையின்றி ஓடிவிடும். -1 என்பதைத் தேர்ந்தெடுத்தால் -1, 0, -1, 0 என்று ஓரிடத்திலேயே ஊசலாடிக்கொண்டிருக்கும். ஆக, சில எண்கள் ‘ஓடிப்போகும் எண்கள்’, வேறு சில ‘தங்கிவிடும் எண்கள்’. விடையின் அளவு 2-ஐக் கடந்துவிட்டால் அது மீண்டும் திரும்புவதில்லை என்று கணிதத்தில் நிறுவலாம். ஆகவே 2 என்னும் வேலியைத் தாண்டியதா என்று பார்த்தாலே போதும்.

இதே கணக்கை எண்கோட்டில் மட்டுமன்றி ஒரு தளம் முழுவதிலும் செய்யலாம். வரைபடத்தாளின் ஒவ்வொரு புள்ளியையும் ஓர் எண்ணாகக் கொள்ளும் முறை கணிதத்தில் உண்டு. அவற்றைக் கலப்பெண்கள் என்பர். அவற்றிற்கும் கூட்டலும் பெருக்கலும் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் மேற்கண்ட கணக்கைச் செய்து, தங்கிவிடும் புள்ளிகளுக்கெல்லாம் கருமையிட்டால், இதய வடிவத்தோடு ஒரு வட்டம் ஒட்டியதுபோன்ற உருவம் தோன்றும். அதன் ஓரங்களில் எண்ணற்ற சிறு மொட்டுகள் இருக்கும். இதுவே மாண்டல்பிராட் கணம். செருமானியர் இதனை ‘ஆப்பிள் மனிதன்’ என்று செல்லமாக அழைப்பர்.

படமில்லாத காலம்

இக்கணக்கின் வேர் முதல் உலகப் போர்க் காலத்துப் பிரான்சில் இருக்கின்றது. காஸ்தோன் ஜூலியா என்னும் இளைஞர் 1915-ஆம் ஆண்டில் போர்க்களத்தில் படுகாயமுற்று மூக்கை இழந்தார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் முகத்தில் தோல் பட்டை ஒன்றை அணிந்தே வாழ்ந்தார். அக்காயத்தின் துன்பத்திற்கிடையே அவர் செய்த ஆய்வு 1918-இல் 199 பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. அதே காலத்தில் பாரிஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய பியேர் ஃபத்தூ என்பவரும் தனியே இதே துறையில் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்தால் புள்ளிகள் எங்குச் செல்லும், தங்குவனவற்றிற்கும் ஓடுவனவற்றிற்கும் இடையிலான எல்லை எப்படிப்பட்டது என்பதே இருவரின் கேள்வியும்.

இருவரும் அந்த எல்லையின் தன்மைகளைச் சொற்களாலும் சமன்பாடுகளாலும் நிறுவினரே தவிர, இன்று நாம் காணும் படங்களை அவர்கள் காணவில்லை. ஒரு படத்திற்கே இலட்சக்கணக்கான பெருக்கல்கள் தேவைப்படும்போது, கையால் எப்படி வரைவது? 1925-இல் ஹியூபர்ட் கிரெமர் என்னும் செருமானியக் கணித அறிஞர் கையால் ஒரு தோராயப் படம் வரைந்தார். அதற்குப்பின் இத்துறை பல்லாண்டுகள் பெரும்பாலும் உறங்கிக் கிடந்தது.

1978-இல் ராபர்ட் புரூக்ஸ், பீட்டர் மட்டெல்ஸ்கி என்னும் இரு அமெரிக்கர்கள் ஓர் ஆய்வுக்காகக் கணினியைக் கொண்டு இவ்வுருவத்தை முதன்முதலில் அச்சிட்டனர். தங்கும் புள்ளி இருந்த இடத்தில் ஓர் உடுக்குறி, மற்ற இடங்களில் வெற்றிடம். உடுக்குறிகளால் ஆன அப்படம், இன்றைய படங்களோடு ஒப்பிட்டால், மங்கலான நிழல் போன்றது. ஆயினும் நிறமிடும் முறைகளுள் முதலாவது அதுவே. ‘தங்கினாயா, இல்லையா?’ என்னும் ஒரே கேள்விக்கு இரண்டே விடைகள், ஆகவே இரண்டே நிறங்கள்.

1980-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளன்று, நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஐ.பி.எம். நிறுவனத்தின் தாமஸ் வாட்சன் ஆய்வு மையத்தில் மாண்டல்பிராட் இவ்வுருவத்தைக் கண்டார். போலந்தில் பிறந்து, பிரான்சில் பயின்று, அமெரிக்காவில் பணியாற்றியவர் அவர். மாணவப் பருவத்தில் ஜூலியாவிடமே பாடம் கேட்டவர். ஜூலியா மறைந்தது 1978-இல். தம் மாணவர் கண்ட உருவத்தைக் காண அவருக்கு இரண்டு ஆண்டுகள் போதவில்லை.

தூசியா, தீவா?

கறுப்பு வெள்ளையில் வந்த அப்படங்களில் ஒரு புதிர் இருந்தது. பெரிய உருவத்தைச் சுற்றி ஆங்காங்கே சிறு சிறு கரும்புள்ளிகள் சிதறிக் கிடந்தன. அச்சுப்பொறியின் அழுக்கோ என்று எண்ணத்தக்க புள்ளிகள் அவை. மாண்டல்பிராட் அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றும் பெரிய உருவத்தின் சிறு நகலாக இருந்தது! அவை தாய்நிலத்திலிருந்து விலகிய தனித்தனித் தீவுகள் என்றே முதலில் தோன்றியது. படத்தைக் கண்ட எவர்க்கும் அவ்வாறுதான் தோன்றும்.

ஆனால், 1982-இல் அத்ரியன் துவாதி, ஜான் ஹப்பர்டு என்னும் இரு கணித அறிஞர்கள், அவ்வுருவம் முழுவதும் ஒரே தொடர்பு உடையது என்று நிறுவினர். தீவுகள் போல் தோன்றியவை யாவும் மிக மெல்லிய இழைகளால் தாயுருவத்தோடு இணைந்திருந்தன. அவ்விழைகள் எவ்வளவு மெல்லியவை என்றால், கணினி எடுத்துக்கொள்ளும் புள்ளிகளின் இடைவெளியில் அவை தப்பிவிட்டன. மாண்டல்பிராட்டைச் சிறப்பிக்கும் வகையில் அவ்வுருவத்திற்கு அவர் பெயரை இட்டவர்களும் இவ்விருவரே.

இங்குதான் நிறத்தின் பணி தொடங்குகிறது. கருமையான உருவத்தை மட்டும் பார்க்காமல், அதைச் சுற்றியுள்ள வெளியையும் கணக்கில் கொண்டால் என்ன? ஓடிப்போகும் புள்ளிகள் அனைத்தும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில உடனே ஓடிவிடும், சில தயங்கித் தயங்கி ஓடும். எத்தனையாவது படியில் வேலியைத் தாண்டின என்பதை எண்ணி, ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறம் கொடுத்தால், உருவத்தைச் சுற்றி வண்ணப் பட்டைகள் வளையங்களாக அமையும். தீவுகள் உண்மையாகவே தனித்து நின்றிருந்தால், உருவத்தை நெருங்க நெருங்க அப்பட்டைகளும் பிரிந்து, தீவுக்கு ஒரு தனி வளையம் அமைந்திருக்கும். ஆனால், பட்டைகள் பிரிவதில்லை. ஒவ்வொன்றும் தாயுருவத்தையும் தீவுகளையும் சேர்த்துச் சுற்றிவரும் ஒரே வளையமாக நீளுகின்றது. கறுப்பு வெள்ளையில் தெரியாத இழைகள் செல்லும் வழியை வண்ணங்கள் காட்டிவிடுகின்றன.

நிறம் என்பது கணக்கு முடிந்தபின் பூசப்படும் ஒப்பனை என்று நாம் எண்ணுகிறோம். இவ்வுருவத்தின் வரலாற்றில் நிறம் காண்பதற்குரிய கருவியாகவே இருந்திருக்கிறது.

படிகளை எண்ணும் முறை

ஓடிப்போகும் வேகத்தைக் கொண்டு நிறமிடும் இம்முறை எளியது. எண்கோட்டிலேயே இதனைச் சோதிக்கலாம். 1 என்னும் எண் மூன்றாம் படியில் 2-ஐத் தாண்டுகிறது. 0.5 ஐந்தாம் படியில் தாண்டுகிறது. 0.3 பன்னிரண்டாம் படியில்தான் தாண்டுகிறது. 0.25 ஒருபோதும் தாண்டுவதில்லை. அதுவே எண்கோட்டில் அவ்வுருவத்தின் வலப்பக்க எல்லை. எல்லையை நெருங்க நெருங்கத் தயக்கம் கூடுகிறது.

இத்தயக்கத்தில் ஒரு வியப்பும் மறைந்திருக்கின்றது. 0.2501 என்னும் எண் தாண்டுவதற்கு ஏறத்தாழ 312 படிகள் ஆகின்றன. 0.250001 தாண்டுவதற்கு ஏறத்தாழ 3140 படிகள் ஆகின்றன. இவ்வெண்களைக் கண்டதும் வட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு 3.14 நினைவுக்கு வரும். அது தற்செயல் அன்று. டேவிட் போல் என்பவர் 1991-இல் கணினியில் எண்ணிப் பார்த்துக் கண்ட இவ்வுண்மைக்குப் பின்னர்க் கணித நிறுவலும் கிடைத்தது. வட்டமே இல்லாத இடத்தில், படிகளை எண்ணியதில், ‘பை’ வந்து நிற்கிறது!

இம்முறையை உலகறியச் செய்தவர்கள் செருமனியின் பிரேமன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹைன்ஸ்-ஓட்டோ பைட்கன், பீட்டர் ரிக்டர் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் ஆவர். இவர்களின் வண்ணப் படங்கள் 1984-இல் பிரேமன் நகரில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. பின்னர்க் கோதே நிறுவனத்தின் வழியாகப் பல நாடுகளுக்கும் சென்றன. 1985-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழின் அட்டையில் மாண்டல்பிராட் கணத்தின் படம் வெளிவந்தது. உள்ளே டியூட்னி என்பவர் எழுதிய கட்டுரை, வீட்டில் கணினி வைத்திருப்போரும் இப்படத்தை வரையும் வழியை விளக்கியது. அடுத்த ஆண்டே பைட்கனும் ரிக்டரும் ‘பிராக்டல்களின் அழகு’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு பெரிய வண்ண நூலை வெளியிட்டனர். கணித நூல் ஒன்று கலைநூல்போல் வரவேற்கப்பட்டது.

வீட்டிற்கு வந்த வண்ணங்கள்

அக்காலக் கணினிகளின் ஆற்றலை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1987-இல் வந்த வி.ஜி.ஏ. என்னும் திரைமுறையில் ஒரே நேரத்தில் 256 நிறங்களைக் காட்டலாம். அதற்கு 320-க்கு 200 என்ற அளவில் 64,000 புள்ளிகள் கொண்ட திரையே கிடைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் 150 படிகள் வரை கணக்கிட்டால், ஒரு படத்திற்கு 9.6 மில்லியன் முறை அக்கணக்கைச் செய்ய வேண்டிவரும்.

பெர்ட் டைலர் என்பவர் 1988-இல் இக்கணக்கை விரைவாகச் செய்யும் ஒரு நிரலை எழுதினார். தசமங்களைத் தவிர்த்து முழு எண்களைக் கொண்டே கணக்கிட்டதால், சாதாரணக் கணினியிலும் அது வேகமாக ஓடியது. ‘பிராக்டின்ட்’ என்று பெயர் பெற்ற அந்நிரலை அவர் விற்கவில்லை. நிரலின் மூலவரிகளோடு இலவசமாக வழங்கினார். பலரும் அதில் தத்தம் பங்கைச் சேர்த்தனர். அக்குழுவினர் தம்மைக் ‘கல் சூப்புக் குழு’ என்று அழைத்துக்கொண்டனர். ஒரு பயணி வெறுங்கல்லைக் கொதிக்க வைக்க, ஊரார் ஒவ்வொருவரும் ஒரு காயைப் போட, இறுதியில் அனைவருக்கும் உணவு கிடைத்த ஐரோப்பிய நாட்டுப்புறக் கதையிலிருந்து எடுத்த பெயர் அது.

பிராக்டின்ட் நிரலில் ஒரு சிறப்பு இருந்தது. படம் வரைந்து முடிந்தபின் நிறத்தட்டை மட்டும் சுழற்றலாம். முதல் நிறம் இரண்டாவதாகும், இரண்டாவது மூன்றாவதாகும். கணக்கு ஒன்றும் மாறாது. ஆனால், திரையில் வண்ணங்கள் நீரோடைபோல் பாய்ந்துகொண்டிருக்கும். கணக்கு வேறு, நிறம் வேறு என்பதைக் கண்ணாலேயே காட்டிய காட்சி அது.

இருந்தாலும் ஒரு குறை இருந்தது. படிகளின் எண்ணிக்கை 5, 6, 7 என முழு எண்ணாகவே வரும். ஆகவே நிறங்கள் படிக்கட்டுப் போல் பட்டை பட்டையாகத் தெரிந்தன. 5-க்கும் 6-க்கும் இடையில் என்ன இருக்கிறது? வேலியைத் தாண்டிய புள்ளி எவ்வளவு தொலைவு தாண்டியது என்பதையும் சேர்த்துக்கொண்டால் 5.3, 5.7 என்பன போன்ற இடைநிலை அளவுகளைப் பெறலாம். ஒரு மாணவர் எத்தனையாவது தாவலில் கோட்டைத் தாண்டினார் என்பதோடு, கோட்டுக்கு அப்பால் எவ்வளவு தொலைவில் கால் ஊன்றினார் என்பதையும் குறித்துக்கொள்வது போன்றது இது. துவாதியும் ஹப்பர்டும் வளர்த்த கோட்பாடே இதற்கு அடிப்படை. 1990-களில் இம்முறை பரவியபோது பட்டைகள் மறைந்து, விடியல் வானம்போல் ஒரு நிறம் மற்றொன்றில் கரையும் படங்கள் பிறந்தன. கோடிக்கு மேற்பட்ட நிறங்களைக் காட்டும் திரைகளும் அப்போது வரத் தொடங்கியிருந்தன.

வேறு வேறு கேள்விகள்

எப்போது ஓடினாய் என்பது ஒரு கேள்விதான். அதே புள்ளியிடம் வேறு கேள்விகளையும் கேட்கலாம் என்று உணர்ந்தவர்களே அடுத்த கட்டத்தை உருவாக்கினர்.

வேலியைத் தாண்டியபோது மேற்பக்கம் சென்றாயா, கீழ்ப்பக்கம் சென்றாயா என்று கேட்டால், ஒவ்வொரு பட்டையும் இரு நிறக் கட்டங்களாகப் பிரிந்து, சதுரங்கப் பலகையை வளைத்து ஒட்டியதுபோல் ஒரு படம் கிடைக்கும். எல்லையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறாய் என்று கேட்டால், மெல்லிய இழைகள் எல்லாம் மைக்கோடுகள்போல் தெளிவாகத் தெரியும். தீவுகளை இணைக்கும் இழைகளை நேராகக் கண்ணுக்குக் காட்டியது இம்முறையே.

ஐ.பி.எம். ஆய்வு மையத்திலேயே பணியாற்றிய கிளிஃபர்ட் பிக்கோவர் வேறொரு வழியில் சென்றார். 1980-களில் அவர் எழுதிய நிரல் ஒன்றில் பிழை நேர்ந்தது. ஆனால், திரையில் வந்ததோ நுண்ணுயிரிகளைப் போன்ற விந்தை வடிவங்கள். அவர் அப்பிழையைத் திருத்தி ஒதுக்கிவிடவில்லை. ஏன் அப்படி வந்தது என்று ஆராய்ந்து, ‘உயிருருக்கள்’ என்று பொருள்படும் பெயரிட்டு 1986-இல் கட்டுரையாக வெளியிட்டார். ஒரு புள்ளி தன் பயணத்தில் குறிப்பிட்ட கோட்டிற்கு எவ்வளவு அருகில் வந்துசென்றது என்பதைக் கொண்டு நிறமிடும் முறையும் அவர் பெயரோடு இணைந்தது. இதனைப் பிற்காலத்தவர் விரிவாக்கினர். கோட்டிற்குப் பதிலாக வட்டம், மலர், சிலுவை எனத் தாம் விரும்பும் வடிவத்தைத் தளத்தில் வைத்து, அதன் அருகே வரும் புள்ளிகளைப் பிடித்து நிறமிட்டனர். ஆகவே இம்முறையைப் பொறிமுறை எனலாம்.

1993-இல் மெலிண்டா கிரீன் என்பவர் கேள்வியையே தலைகீழாக்கினார். அதுவரை அனைவரும் பயணம் தொடங்கிய இடத்திற்கே நிறமிட்டனர். இவரோ, ஓடிப்போகும் புள்ளிகள் வழியில் எந்தெந்த இடங்களை மிதித்துச் சென்றன என்று எண்ணினார். அதிகம் மிதிபட்ட இடம் அதிகம் ஒளிரும். வந்த படத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தபோது, அமர்ந்து தியானம் செய்யும் புத்தரைப் போல் ஓர் உருவம் தெரிந்தது! அதற்குப் ‘புத்தபிராட்’ என்ற பெயர் நிலைத்தது. குறுகிய பயணங்கள், நடுத்தரப் பயணங்கள், நீண்ட பயணங்கள் என மூன்று எண்ணிக்கைகளைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளுக்குக் கொடுத்தால், விண்வெளியின் ஒளிமுகில் போன்ற படம் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத கதிர்களுக்கு வானியலார் நிறம் கொடுக்கும் முறையும் இதுவே.

ஸ்காட் டிரேவ்ஸ் 1992-இல் உருவாக்கிய ‘சுடர்ப் பிராக்டல்’ மாண்டல்பிராட் கணத்தைச் சாராத வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. அதிலும் மிதிபட்ட எண்ணிக்கையே ஒளியாகிறது. ஒரு புள்ளி எந்தெந்த விதிகளின் வழியாக வந்ததோ அவ்விதிகளின் நிறங்கள் கலந்து அதன் நிறமாகின்றன. பட்டுத்துணி போலவும் புகை போலவும் தோன்றும் படங்கள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. நெதர்லாந்தைச் சேர்ந்த பிரடெரிக் சிலைக்கர்மன் உருவாக்கிய ‘அல்ட்ரா பிராக்டல்’ என்னும் மென்பொருள், வடிவத்திற்கான வாய்பாட்டையும் நிறத்திற்கான வாய்பாட்டையும் தனித்தனிக் கோப்புகளாகவே பிரித்துவைத்தது. ஒரு வடிவத்தைப் பல அடுக்குகளாக வைத்து, அடுக்குக்கு ஒரு நிறமுறையைக் கையாளவும் வழி செய்தது. இதன்பின் நிறமிடுவது தனிக்கலையாகவே வளர்ந்தது.

இது ஓவியமா?

பொத்தானை அழுத்தினால் வரும் படம் எப்படி ஓவியமாகும் என்று கேட்போர் தொடக்கம் முதலே இருந்தனர். அக்கேள்வி நியாயமானதே. ஆனால், மேற்கண்ட வரலாற்றைத் தொகுத்துப் பாருங்கள். கணக்கு 1918-க்கு முன்பின் தோன்றியது. அக்கணக்கு மாறவே இல்லை. மாறியவை எல்லாம் அதனிடம் மனிதர்கள் கேட்ட கேள்விகளே. தங்கினாயா, எப்போது ஓடினாய், எந்தப் பக்கம் ஓடினாய், எதன் அருகில் சென்றாய், எங்கெல்லாம் மிதித்தாய் என்று கேள்வி மாற மாற, ஒரே கணக்கிலிருந்து முற்றிலும் வேறான படங்கள் வந்தன. எங்கே பார்ப்பது, எதைக் கேட்பது, விடைக்கு எந்த நிறத்தைக் கொடுப்பது ஆகிய மூன்றையும் தேர்ந்தவர் மனிதரே. ஒளிப்படக் கலைஞர் மலையைப் படைப்பதில்லை. ஆயினும் நிற்கும் இடத்தையும் நேரத்தையும் அவரே தேர்கிறார். இங்கும் அப்படியே.

நம் வகுப்பறையில்

தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குக் கலப்பெண்களைக் கற்பிக்க இயலாது. ஆனால், இவ்வரலாற்றின் சாரத்தை ஒரு தாளிலும் சில வண்ணப் பென்சில்களிலும் காட்டிவிடலாம். நான் ஐந்தாம் ஆண்டு மாணவர்களோடு செய்துவரும் நடவடிக்கையை இங்குத் தருகிறேன்.

பாஸ்கல் முக்கோணத்தை அறிந்திருப்பீர்கள். உச்சியில் 1. ஒவ்வொரு வரிசையின் இரு ஓரங்களிலும் 1. நடுவில் வரும் ஒவ்வோர் எண்ணும் அதன் மேலுள்ள இரண்டு எண்களின் கூட்டுத்தொகை. இம்முக்கோணத்தை 16 வரிசைகளுக்கு வரைந்தால் 136 கட்டங்கள் வரும். ஒற்றைப்படை எண்களுக்கு மட்டும் நீலமிடச் சொல்லுங்கள். பெரிய எண்களைக் கூட்டித் துன்புற வேண்டியதில்லை. ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் இரட்டை, ஒற்றையும் இரட்டையும் சேர்ந்தால் ஒற்றை என்னும் விதியே போதும். 81 கட்டங்கள் நீலமாகும், 55 கட்டங்கள் வெறுமையாக இருக்கும். முக்கோணத்திற்குள் முக்கோணமாக அமையும் ஒரு பிராக்டல் வடிவம் எழும். 1915-இல் போலந்து அறிஞர் சியர்பின்ஸ்கி ஆராய்ந்த முக்கோணத்தின் சாயல் அது.

அடுத்து, அதே முக்கோணத்தை மற்றொரு தாளில் கொடுத்து, கேள்வியை மாற்றுங்கள். 3-ஆல் வகுத்தால் மீதி என்ன? மீதி 0 என்றால் மஞ்சள், 1 என்றால் நீலம், 2 என்றால் வெள்ளை. இப்போது வருவது வேறொரு படம். முதல் 9 வரிசைகளில் உள்ள 45 கட்டங்களுள் 9 மட்டுமே மஞ்சளாகும். சில பிள்ளைகளுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோல் தெரியும் என்பதால், அவ்விரு நிறங்களையும் சேர்த்துக் கையாளாமல் இருப்பது நன்று.

இரண்டு தாள்களையும் அருகருகே ஒட்டியபோது, கணிதத்தில் பின்தங்கியவர் என்று கருதப்பட்ட ஒரு மாணவர், “எண்கள் மாறவில்லை, நாம் கேட்டதுதான் மாறியது” என்று கூறினார். எனக்கு அன்று விளக்குவதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. 4-ஆல் வகுத்தால் என்னாகும், 5-ஆல் வகுத்தால் என்னாகும் என்று மாணவர்களே தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டனர். வகுத்தல் வாய்பாட்டை ஒப்பிக்கத் தயங்கியவர்களும் அன்று நூற்றுக்கும் மேற்பட்ட முறை மீதி கண்டனர்.

கணினிக்கூட வசதி உள்ள பள்ளிகளில் ‘சாவோஸ்’ என்னும் இலவச மென்பொருளை முயலலாம். ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு நிறமிடும் முறையை மட்டும் பட்டியலிலிருந்து மாற்றிக் காட்ட அதில் வழியுண்டு. படத்தின் அழகைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், இப்போது நாம் எந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் மாணவர்களை வினவுதல் வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

தேர்வு நெருங்கினால் ஓவியப் பாடவேளையைக் கணிதத்திற்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்ததை நாம் அறிவோம். நம் நாட்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. ஆயினும் ‘கணிதம் அறிவுக்கு, ஓவியம் பொழுதுபோக்கிற்கு’ என்னும் எண்ணம் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றது. பெற்றோர் சந்திப்பு நாள்களில், “படம் வரைவதைக் குறைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொள்வோரை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். அவர்கள் தம் பிள்ளையின் நலம் கருதியே சொல்கிறார்கள். ஆனால், நிறமிடப் போய்த்தான் மறைந்திருந்த இழைகள் தெரிந்தன என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. சொற்களைத் தட்டினால் படத்தை ஆக்கித்தரும் கருவிகள் இன்று பிள்ளைகளின் கைப்பேசியிலேயே வந்துவிட்டன. கணினியே வரைந்துவிட்டது என்னும் எண்ணம் முன்னைவிட வலுப்பெறும் காலம் இது. பொறி எவ்வளவு விரைவாகக் கணக்கிட்டாலும், எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் பயிற்சி பிள்ளைக்கு வேண்டும். அப்பயிற்சியை ஒரு தாளும் இரண்டு வண்ணப் பென்சில்களும் கொண்டு இவ்வாரமே தொடங்கலாம். வீட்டில் பாஸ்கல் முக்கோணத்தை வரைந்து, எந்த எண்ணால் வகுப்பது என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.